பணிக்காலம் முடிந்த பிறகுதான் நோய் வருகிறது: தீயணைப்புத் துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

துறைத் தலைவர் அவர்களுக்கும், நோய் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கும் குழுவினருக்கும்,

உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களுக்கு வருடாவருடம் நடந்துவந்த மருத்துவப் பரிசோதனை இனிக் கிடையாது என்கிறது அதன் முதல் பத்தி. நோய்க்கு இழப்பீடு கேட்பவர், அந்த நோய் எந்தத் தீ விபத்தில், எந்தத் தேதியில் ஏற்பட்டது என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்கிறது இரண்டாவது பத்தி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: நோய் வரும் காலத்தில் நீங்கள் எங்களைப் பார்க்க மாட்டீர்கள், வந்த பிறகு எங்களிடமே சாட்சி கேட்பீர்கள்.

வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்தத் துறையில் ஹோஸ் சுருட்டும் ஆளாகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு, நோயில் விழுந்த சகாக்களின் காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் நடப்பதே என் வேலை என்று ஆகிவிட்டது. நிலையங்களுக்குப் போய் இளைஞர்களிடம் கோட்டைத் துவை, கழுத்தைக் கழுவு என்று பேசிக்கொண்டே இருப்பதால் 'சோப்புத் தாத்தா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

நீங்கள் நிராகரித்த ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறேன். என்னோடு ஒரே வண்டியில் ஓடியவர் அவர். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து ஒருநாள் சிறுநீரில் ரத்தம் கண்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்புச் சூடு என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார்; நின்றுவிட்டது. மறுபடி வந்தபோதுதான் டாக்டரிடம் போனார். சிறுநீர்ப்பைப் புற்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதியிருந்தார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-இல் எழுதியபோது, நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களிடம் சொன்னார். மூன்று நூற்றாண்டு கழித்தும் அந்தக் கட்டத்தை ஒற்றைச் சொல்லில் நிரப்பிவிட்டுப் போகிறோம்.

உங்கள் குழு அவருக்கு அனுப்பிய பதில் சில வரிகள்தான். நோய் ஓய்வுக்குப் பின் கண்டறியப்பட்டது. குறிப்பிட்ட தீ விபத்து எதனுடனும் தொடர்பு நிறுவப்படவில்லை. மனுதாரருக்குப் புகைபிடிக்கும் பழக்கம் இருந்துள்ளது.

கடைசி வரி உண்மைதான். இளவயதில் பிடித்தார், முதல் குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். சிகரெட்டால் சிறுநீர்ப்பைப் புற்று வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிகரெட் புகையில் இருக்கும் பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் பென்சோபைரீனும் எரிகிற வீட்டின் புகையிலும் இருக்கின்றன. சில வருடம் அவராக இழுத்த புகையைக் கணக்கில் வைத்தீர்கள். பணிக்காலம் முழுவதும் உங்கள் உத்தரவின் பேரில் இழுத்த புகையைத் தள்ளுபடி செய்தீர்கள். இது என்ன கணக்கு?

அவர் மேல்முறையீடு செய்தார். விசாரணை வருவதற்குள் போய்விட்டார்.

சரி, நீங்கள் கேட்கும் ஆவணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நிலையத்திலும் வாட்ச் ரூமில் கால் புத்தகம் இருக்கிறது; தீ என்று வரும் அழைப்பைத்தான் நாங்கள் 'கால்' என்போம். கால் வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், எத்தனை ஹோஸ் விரித்தோம், எவ்வளவு தண்ணீர் செலவானது, எவ்வளவு சொத்து சேதம், எவ்வளவு சொத்து காப்பாற்றப்பட்டது. இத்தனைக்கும் அதில் கட்டம் உண்டு. என்ன எரிந்தது என்று ஒற்றை வரி: 'குடியிருப்பு', 'கிடங்கு', 'வாகனம்'. கிடங்கில் இருந்தது பூச்சிக்கொல்லியா, பழைய டயரா என்று பல பக்கங்களில் இருக்காது. யார் உள்ளே போனார், மூச்சுக்கருவி போட்டிருந்தாரா, எவ்வளவு நேரம் புகையில் நின்றார் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. அந்தப் புத்தகத்தின் வடிவத்தை முடிவு செய்தது துறை. நான் நிலைய அலுவலராகத் தினமும் அதில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் சொல்கிறேன்: நீங்கள் கேட்கும் சான்றை எழுதி வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் எழுதவில்லை. இப்போது அதை எங்களிடம் கேட்கிறீர்கள்.

வண்டிக்கு ஒரு லாக் புத்தகம் உண்டு. எப்போது எண்ணெய் மாற்றினோம், பம்ப் எத்தனை மணிநேரம் ஓடியது என்று எல்லாம் இருக்கும். அந்த வண்டியை ஓட்டியவனுக்கும், பம்புக்குப் பக்கத்தில் நின்று அத்தனை மணிநேரமும் புகையையும் டீசலையும் சேர்த்து இழுத்தவனுக்கும் அப்படி எதுவும் இல்லை.

எங்கள் வேலை எப்படி நடந்தது என்பதைக் குழுவில் இருக்கும் நிர்வாகத் தரப்பினருக்குச் சொல்லியாக வேண்டும். தீயணைப்பு என்றால் ஜுவாலைக்கு எதிரே நின்று தண்ணீர் அடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது வேலையில் ஒரு பகுதி. ஜுவாலை அடங்கிய பிறகு இருக்கிறது கிளறல். கூரையைப் பிரிக்க வேண்டும், மெத்தையைக் கிழித்துத் திருப்ப வேண்டும், சுவர்ப் பலகையைப் பெயர்த்து உள்ளே கங்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சுவரில் வைத்துச் சூடு பார்ப்போம். நாம் திரும்பிய பிறகு அதே இடம் மறுபடி பற்றிக்கொண்டால் அதைவிட அவமானம் கிடையாது. அதனால் அவசரப்படாமல், சாவகாசமாகக் கிளறுவோம். மூச்சுக்கருவியைக் கழற்றி வைத்துவிடுவதும் அந்த நேரத்தில்தான். சிலிண்டர்கள் குறைவு. கடும் உழைப்பில் காற்று அதன்மேல் எழுதியிருக்கும் நேரம் வரை தாங்காது. தீ போய்விட்டது, இனி எதற்கு முதுகில் பாரம் என்று எல்லோருக்கும் தோன்றும். காற்றை அளக்கும் மீட்டரில் கார்பன் மோனாக்சைடு அளவு இறங்கியிருந்தால் காற்று சுத்தம் என்று அர்த்தம் செய்துகொள்வோம். ஆனால் வெந்து தணிந்த பிளாஸ்டிக்கும் ரெக்சினும் ஃபோம் மெத்தையும் அப்போதும் வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். பழைய கூரை ஓடு என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி வேறு. கார்பன் மோனாக்சைடு மீட்டருக்கு அது எதுவும் தெரியாது.

நான் பணியில் சேர்ந்தபோது வீடு என்றால் பெரும்பாலும் மரம், பருத்தி, காகிதம். ஓய்வு பெறும்போது சோபாவிலிருந்து திரைச்சீலை வரை பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. பாலியூரித்தேன் மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும் என்பதை நாங்கள் பயிற்சிப் பள்ளியில் படிக்கவில்லை. தலைசுற்றலாகவும் வாந்தியாகவும் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் தோல். மூக்குக்குக் கருவி போட்டாலும் கழுத்துக்கு என்ன போடுவது? தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், மணிக்கட்டில், இடுப்பு மடிப்பில் கரி இறங்கும். வியர்த்துச் சூடான தோல் அதை இன்னும் வேகமாக உள்ளே வாங்கும். பெரிய தீ ஒன்றுக்குப் போய்வந்தால் அடுத்த நாளும் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும். நன்றாகக் குளித்துவிட்டுத்தான் படுப்பேன். ஆனாலும் தலையணை உறையில் கழுத்து படும் இடத்தில் பழுப்பாகக் கறை இருக்கும். என் மனைவி அந்த உறையைக் குழந்தைகளின் துணியோடு போடாமல் தனியாக ஊறவைப்பார். தொழில் சுகாதாரம் பற்றி எங்கள் வீட்டில் முதலில் முடிவெடுத்தவர் அவர்தான்.

கரி தோலில் தங்கினால் புற்று வரும் என்பது புதுச் செய்தியும் கிடையாது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இலேயே எழுதிவிட்டார். சிறுவயதில் புகைபோக்கிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்று வருவதைப் பார்த்து, அங்கே தங்கும் புகைக்கரியைக் காரணமாகச் சொன்னார். சிறுவனாக இருந்தபோது படிந்த கரி, ஆளான பிறகு நோயாக வந்தது. 1892-இல் ஹென்றி பட்லின் என்ற இன்னொரு ஆங்கிலேய மருத்துவர், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அதே வேலை செய்பவர்களுக்கு ஏன் இது அரிதாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். அங்கே உடலை மூடும் உடை போட்டார்கள், நன்றாகக் கழுவினார்கள். இவ்வளவுதான் விஷயம். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தீயிலிருந்து வெளியே வந்த வீரர்களின் கோட்டை அங்கேயே சோப்பும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து அளந்து பார்த்தார்கள். மேலே படிந்த பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற புகைக்கரி நச்சுகளில் சராசரியாக 85 சதவீதம் போய்விட்டது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் 23 சதவீதம்தான். சோப்பு, வாளி, பிரஷ். உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்குக் குழு அமைக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

எங்கள் நிலையத்தில் அந்தக் கோட்டை எங்கே மாட்டினோம் தெரியுமா? படுக்கை அறைக்கு வெளியே, சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில். இரவில் மணி அடித்தால் ஓடிவந்து மாட்ட வசதி. ஆளுக்கு ஒரே ஒரு செட். துவைக்கப் போட்டால் அடுத்த காலுக்கு எதைப் போடுவது? அதனால் துவைக்கவே மாட்டோம். கருகிய ஹெல்மெட்டும் அழுக்கேறிய கோட்டும் எங்களுக்குப் பெருமை வேறு. புதிதாகச் சேர்ந்த பையன் தன் பளபளப்பான கோட்டைப் பார்த்துக் கூசுவான். அதைக் கரியில் புரட்டி எடுத்தவனையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமை எங்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது செட் வாங்காதது துறை. கோட்டுக்கு எதிரே வண்டி நிற்கும் கொட்டகை. காலையில் இன்ஜினைப் போட்டுச் சோதிக்கும்போது கதவு பாதி மூடியிருக்கும். அலமாரி மேல் விரலால் கோடு போட்டால் டீசல் கரி ஒட்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் பட்டியலில் டீசல் புகை 2012-லிருந்து முதல் பிரிவில், அதாவது புற்று விளைவிக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவில் இருக்கிறது. சைலன்சர் வாயில் குழாயைப் பொருத்திப் புகையை வெளியே இழுக்கும் ஏற்பாடு எத்தனையோ நாடுகளின் நிலையங்களில் சாதாரணமாக இருக்கிறது.

நுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் தீக்கு அடிக்கும் அந்த நுரையை 'சோப்புத் தண்ணீர் மாதிரிதான்' என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து மிச்சம் இருந்தால் அதிலேயே வண்டியைக் கழுவினோம், கையைக் கழுவினோம், நிலையத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளை அதில் விளையாடவிட்டோம். அந்த வகை நுரையில் இருந்த ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணிலும் அழியாது, உடம்பை விட்டும் எளிதில் போகாது. ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கும். அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை 2023-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பாளர்களை வைத்து ஓராண்டு செய்த சோதனையின் முடிவு 2022-இல் வந்தது: ரத்தமோ பிளாஸ்மாவோ தொடர்ந்து தானம் கொடுத்தவர்களின் ரத்தத்தில் இந்தச் சேர்மங்களின் அளவு குறைந்தது. அங்கே எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்கிறார்கள். இங்கே எங்கள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றே யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இது உன் அனுபவம், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவு. 2007-இல் அது எங்கள் பணியைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. 2022 ஜூனில் மறுபடி உட்கார்ந்து, சேர்ந்திருந்த ஆய்வுகளை எல்லாம் பார்த்து, முதல் பிரிவுக்கு மாற்றியது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் போதுமான சான்று இருக்கிறது என்று சொன்னது. பெருங்குடல், புராஸ்டேட், விரை ஆகியவற்றில் வரும் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று ஆகியவற்றுக்கு வரம்புக்குட்பட்ட சான்று இருப்பதாகச் சொன்னது. முதல் பிரிவு என்பது ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்காது, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் குறிக்கும் என்று உங்கள் மருத்துவ அலுவலர் ஒருமுறை என்னைத் திருத்தினார். சரியான திருத்தம். உங்கள் குழு எங்களிடம் கேட்பதும் சான்றைத்தானே?

அந்த முகமை எதை மதிப்பிட்டது என்பதையும் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட தீயை அது மதிப்பிடவில்லை. தீயணைப்பாளராக வேலை பார்ப்பதையே மதிப்பிட்டது. புற்று ஒரே நாளில், ஒரே கிடங்கில் பற்றிக்கொள்வதில்லை. பணிக்காலம் முழுக்கச் சேர்ந்த புகை அது. எந்தத் தேதி என்ற கேள்விக்கு எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. பதிலே இல்லாத கேள்வியைப் படிவத்தில் போட்டால் எல்லா மனுவையும் ஒரே காரணத்தில் தள்ளிவிடலாம். நீங்கள் அந்த நோக்கத்தில் போட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். விளைவு அதுதான்.

இந்தச் சிக்கலை மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள்? கனடாவின் மானிடோபா மாகாணம் 2002-இல் சட்டத்தைத் திருத்தியது. குறிப்பிட்ட காலம் பணி செய்த தீயணைப்பாளருக்குப் பட்டியலில் உள்ள புற்று வந்தால், அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆஸ்திரேலியக் கூட்டரசு 2011-இல் அதே வழியில் சட்டம் போட்டது. அங்கே சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 15 ஆண்டுப் பணி போதும். என் நண்பர் அங்கே வேலை பார்த்திருந்தால் தேதியைத் தேடி அலைந்திருக்க மாட்டார்.

உங்கள் சுற்றறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வாதம் வருகிறது: ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களின் விகிதத்தைவிட அதிகமில்லை, ஆகவே தனிக் கண்காணிப்பு தேவையில்லை. நிதானமாக யோசித்துப் பாருங்கள். எங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? ஓடவிட்டீர்கள், கயிறு ஏறவிட்டீர்கள், ஒரு ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவிட்டீர்கள், மார்பை அளந்தீர்கள், கண்ணைச் சோதித்தீர்கள். ஆஸ்துமா இருந்தவனையும் இதயத்தில் சத்தம் கேட்டவனையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். அப்படிச் சலித்து எடுத்தவர்களை, நோயாளிகளும் சேர்ந்த பொதுமக்களோடு ஒப்பிட்டால் நாங்கள் வெகு காலம் கூடுதலாக வாழ்ந்திருக்க வேண்டும். சமமாக வருகிறது என்றால், அந்த வித்தியாசம் எங்கே போனது? ஆய்வாளர்கள் இதற்கு 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று பெயர் வைத்து எத்தனையோ வருடமாக எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வித்தியாசத்தையும் தாண்டி நோய் தெரிந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களின் சுமார் 30,000 தீயணைப்பாளர்களை 1950 முதல் 2009 வரை அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் பின்தொடர்ந்தது. பொதுமக்களைவிடப் புற்று கண்டறியப்பட்டது 9 சதவீதம் அதிகம், புற்றால் இறந்தது 14 சதவீதம் அதிகம். மீசோதீலியோமா ஏறக்குறைய இருமடங்கு. அந்த நோய்க்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் கிடையாது, உங்கள் வழக்கமான வரி அங்கே உதவாது. கல்நார் தூசி உள்ளே போய் அது நோயாக வர 20 வருடமும் ஆகும், 40 வருடமும் ஆகும். அவ்வளவு காலம் பின்தொடர்ந்ததால்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஓய்வு நாளோடு கணக்கை மூடியிருந்தால் தெரிந்திருக்காது. நீங்கள் இப்போது மூடப்போவது அந்தக் கணக்கைத்தான்.

நியூயார்க்கையும் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அந்த நகரத் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. தாக்குதலில் சரிந்த இரட்டைக் கோபுரங்களின் இடிபாட்டில் வேலை பார்த்த மற்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். அந்தத் துறையிடம் ஒன்று இருந்தது: சம்பவத்துக்கு முன்பே எல்லோருக்கும் நுரையீரல் பரிசோதனை செய்து எடுத்து வைத்திருந்த பதிவு. பின்னால் எடுத்ததை அதோடு ஒப்பிட்டபோது, முதல் ஆண்டிலேயே சராசரியாக 12 ஆண்டு வயதானால் குறையும் அளவுக்கு மூச்சுத்திறன் குறைந்திருந்தது தெரிந்தது. யாரும் மறுக்க முடியவில்லை. ஓய்வு பெற்றவர்களையும் அவர்கள் விடாமல் பரிசோதித்தார்கள். 2023 செப்டம்பரில், அந்தப் புழுதியால் வந்த நோய்களில் பின்னாளில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் 343-ஐத் தொட்டதாக அந்தத் துறையே அறிவித்தது. அன்றே இறந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் பிறகு. எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் அந்த எண் அவர்களுக்குத் தெரியும். எங்களில் எத்தனை பேர் என்று கேட்டால் உங்களிடம் என்ன எண் இருக்கிறது?

இதயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புற்றைப் பற்றியே பேசினால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் பணியில் இருக்கும்போது இறந்ததை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரை, அந்த இறப்புகளில் சுமார் 45 சதவீதம் இதய ரத்தக்குழாய் நோயால் என்று காட்டியது. தூக்கத்திலிருந்து மணி அடித்து எழுந்து, சில நிமிடத்தில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை வருடக்கணக்கில் செய்த இதயம் ஓய்வு பெற்ற மறுநாள் புதிதாகிவிடாது. எங்களுக்கு நடந்துவந்த பரிசோதனையில் இ.சி.ஜி. இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

செலவு என்பீர்கள். ஆளாளுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை ஒரு நிமிட வேலை. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை, தோலைச் சட்டை கழற்றிப் பார்ப்பது, இ.சி.ஜி., அதோடு தொழில் நோய் தெரிந்த ஒரு டாக்டர் பொறுமையாக அரைமணி நேரம் கேட்கும் கேள்விகள். என் நண்பருக்கு முதல்முறை ரத்தம் வந்து நின்றபோது, இது உடம்புச் சூடு இல்லை, உடனே காட்டு என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும் சர்வதேசத் தீயணைப்பாளர் தினத்துக்கு எங்களை மேடையில் ஏற்றிச் சால்வை போடுகிறீர்கள். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லிண்டன் காட்டுத்தீயில் ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்ததை ஒட்டி வந்த நாள் அது. சால்வைக்கு நன்றி. அதே மேடையில் நிற்கும் சிலருக்கு அடுத்த வருடம் நிற்க முடியுமா என்று பார்க்கும் பரிசோதனையைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதையும் அங்கே அறிவித்துவிடுங்கள். பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு சேர்த்ததும் 2022 ஜூனில்தான். பணிச்சூழலின் விளைவு ஓய்வு நாளில் காலாவதியாகும் என்று அதில் எங்கும் இல்லை.

இனி என் கோரிக்கைகள்.

சுற்றறிக்கையின் முதல் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். ஓய்வு பெற்றவர்கள், இடையில் விலகியவர்கள், ஒப்பந்தத்திலும் தன்னார்வத்திலும் பணி செய்தவர்கள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் ஆண்டுப் பரிசோதனை வேண்டும். முடிவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நுரை பயன்படுத்தியவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவது பத்தியை ரத்து செய்யுங்கள். லியோன் முகமை சான்று இருப்பதாகச் சொன்ன புற்றுநோய்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிக்காலத்தை நிர்ணயித்து, அதை நிறைவு செய்தவரின் நோய் பணியால் வந்ததாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். மறுப்பதானால் நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது. 'குறிப்பிட்ட தீ விபத்து' என்ற காரணத்தால் இதுவரை தள்ளிய மனுக்களை எல்லாம் திறந்து மறுபடி பாருங்கள். மனுதாரர் இறந்துவிட்டாலும் பாருங்கள், குடும்பம் இருக்கிறது.

கால் புத்தகத்தோடு ஆளுக்கொரு புகைப் பதிவேடு இன்றைக்கே தொடங்குங்கள். என்ன எரிந்தது, உள்ளே எவ்வளவு நேரம், மூச்சுக்கருவி எப்போது கழற்றப்பட்டது, திரும்பிய பிறகு கழுவினாரா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நகல் அவரவர் கையில் இருக்க வேண்டும். இப்போது பணியில் இருக்கும் பையன்கள் நாளை உங்கள் இடத்தில் இருக்கப்போகும் இன்னொரு குழுவிடம் இப்படி மடல் எழுத வேண்டியிருக்கக் கூடாது.

ஆளுக்கு இரண்டாவது உடைச் செட், நிலையத்திலேயே துவைக்கும் வசதி, ஒவ்வொரு வண்டியிலும் சோப்பும் பிரஷ்ஷும், கிளறல் முடியும் வரை மூச்சுக்கருவி கட்டாயம், அதற்குத் தேவையான கூடுதல் சிலிண்டர்கள், கொட்டகையில் டீசல் புகையை இழுக்கும் குழாய். அடுத்த நிதியாண்டுக்குள் எந்த நிலையத்தில் எது வரும் என்று தேதியோடு சொல்லுங்கள். தள்ளிப்போனால் காரணத்தையும் எழுதுங்கள்.

மனுக்களைப் பார்க்கும் குழுவில் தொழில் நோய் மருத்துவர் ஒருவரும், பணியில் இருக்கும் தீயணைப்பாளர் ஒருவரும், ஓய்வு பெற்றவர் ஒருவரும் உறுப்பினராக வேண்டும். அந்த ஓய்வு பெற்றவர் நானாக இருக்க வேண்டியதில்லை. என்னைவிட நிதானமானவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம், மறுத்தால் ஏன் என்று தனித்தனியாக இருக்கட்டும். பதிலை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அதே அறிவிப்புப் பலகைகளில், எல்லா நிலையங்களிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலைய அலுவலர் ஒருவர்